வெற்றிலையில் போட்ட படையல்

முத்தையா அண்ணன் போன செய்தி வந்தபோது நான் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அது வரும் காலையில் நான் நடைக்குப் போவதில்லை, அண்ணன் தனியாகத்தான் போவார். என் கணவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "உங்க அண்ணன் மேட்டுல உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவரு எந்திரிக்கல" என்றார். குடம் நிரம்பி வழிந்து வாசல்வரை ஓடியது. குழாயை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகச் சரக்கு ஷெட்டில் அவரோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஆபரேஷனுக்கு முன் அவரைப் பார்த்தவர்கள் ஒரு கட்சி, பின்னால் பார்த்தவர்கள் இன்னொரு கட்சி. முன்னால் பார்த்தவர்களிடம் ஒல்லியான முத்தையா என்றால் நம்ப மாட்டார்கள். எங்கள் ஆபீஸ் நாற்காலிகளின் கால்கள் அவரைக் கண்டாலே நடுங்கும். பின்னால் வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொன்னால் நான் புளுகுகிறேன் என்பார்கள். நான் இரண்டையும் பார்த்தவள். அவர் உடம்பு இளைத்த கதையைத் தெரிந்தவர்களும் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். எதற்காக இளைத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இலங்கையின் தேயிலை மலையில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர் அவர். சுனாமிக்குப் பிறகு கப்பலில் ஏற்றி போர்ட் பிளேர் முகாமில் இறக்கிய கூட்டத்தில் ஒருவராக வந்தார். அப்புறம் எங்கள் ஷெட்டில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. கடைசிவரை அவர் பேச்சிலிருந்து மலைநாடு போகவில்லை. நாங்கள் எல்லோரும் சாய் குடித்தால் அவர் தேத்தண்ணி குடிப்பார். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. பிள்ளை கிடையாது. மனைவி மாரியாயி கடலோடு போனவர்.

ஆபரேஷனுக்கு முந்திய நாட்களில் அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். ருசிக்காகச் சாப்பிடுகிறவரைக் கேலி செய்யலாம். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்பார். நான் மீன் குழம்பு கொண்டுபோனால் காரமா, உப்பா என்று ஒரு வார்த்தை வராது. சர்க்கரை ஏறி, முழங்கால் வீங்கி, ஷெட்டின் மூன்று படி ஏறுவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தபோது, இங்கிருந்த டாக்டர் அவரை மெயின்லேண்டுக்கு அனுப்பினார். சென்னையில் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன். எதற்காக இளைக்க வேண்டும் என்று அங்கே ஒரு டாக்டர் கேட்டாராம். எல்லோரும் சர்க்கரை என்பார்கள், மூச்சிரைப்பு என்பார்கள். இவர், "ஒரு மேடு ஏறணுங்க" என்றாராம்.

அந்த மேடு எது என்பதை அவர் எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஆபரேஷன் முடிந்து திரும்பி, சாத்தம் பாலத்தில் மெதுவாக நடந்து பழகிய நாட்கள் அவை. ஏற்றமில்லாத சாலை என்பதால் அங்கே போனோம். மரமில்லிலிருந்து அறுத்த மரத்தின் வாசம் வந்துகொண்டிருந்தது. அவர் தண்ணீரைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து நடப்பார். அன்றும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நெலம் ஆடுனதும் எல்லாரும் ரப்பர் மேட்டுக்கு ஓடுனாங்க தங்கச்சி. நானும் அவளும் ஓடுனோம். எனக்கு ஒடம்பு ஏறல. பாதியில நின்னுட்டேன். அவ மேல போயிட்டா. போனவ போயிருக்கலாம்ல? திரும்பி நாலு எட்டு எறங்கி வந்து கைய நீட்டுனா. 'வாங்க, வாங்க'ங்கிறா. கைய எட்டிப் புடிக்கிறதுக்குள்ள தண்ணி வந்துருச்சு. என்னைய ஒரு மரத்துல கொண்டுபோய்ச் சொருகிட்டுப் போயிருச்சு. நான் ஒல்லியா இருந்திருந்தா அவ நின்னுருக்க மாட்டா."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் நடக்கிற ஒவ்வொரு அடியும் எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் நடந்தது டிசம்பர் தொடக்கத்தில். முதலில் நீராகாரம், அப்புறம் குழைத்தது, மாதங்கள் கழித்துத்தான் மற்றதெல்லாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் சுனாமி வந்த இருபத்தாறாம் தேதி வந்துவிட்டது. இந்தத் தீவுகளில் அன்று படையல் போடாத வீடு குறைவு. மாரியாயிக்குப் பிடித்தது தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்துச் செய்யும் கட்டச் சம்பலும். போட்டோகூட மிஞ்சாததால் ஒரு விளக்கை ஏற்றி, அதன் முன் தலைவாழை இலை விரித்து, தானே சுட்ட ரொட்டியை அடுக்கியிருக்கிறார். படைத்த இலையை வீட்டுக்காரர்தான் சாப்பிட வேண்டும், மிச்சம் வைத்தால் வந்தவர் பசியோடு திரும்பிப் போவார் என்பது அவர்கள் வழக்கம். ரொட்டியும் சம்பலும் எலுமிச்சம்பழம் அளவு வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொண்டன. நானும் என் கணவரும் கதவைத் தள்ளித் திறந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாந்தி எடுத்து எடுத்துக் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தவர், "அவ பாதி எலையில எந்திரிச்சுட்டா தங்கச்சி" என்று அழுதார்.

எனக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அது முதலில் வரும். "அண்ணே, அந்த அண்ணி உங்களக் காப்பாத்த எறங்கி வந்தவங்க. நீங்க ரொட்டியத் தின்னு சாகுறதுக்கா வந்தாங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தேன். இலையை மிச்சம் வைக்கக் கூடாது என்றால் இலையைச் சிறிதாக்கினால் தீர்ந்தது. அடுத்த வருஷம் நான் ஒரு வெற்றிலையைக் கழுவிக்கொண்டுபோய் விளக்கின் முன் வைத்தேன். நகத்தளவு ரொட்டி, பாலில் ஊறியது. குண்டூசித் தலை அளவு சம்பல்.  அவர் ரொட்டியில் சம்பலைத் தொட்டு வாயில் போட்டு, கூழாகும்வரை மென்று விழுங்கினார். வெற்றிலையில் ஒன்றும் மிச்சமில்லை. "சாப்புட்டா" என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் போல ஒழுங்காகச் சாப்பிட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. தட்டில் முதலில் மீன் அல்லது முட்டை, அப்புறம் காய், இடமிருந்தால் ஒரு பிடி சோறு. சாப்பிடும்போது தண்ணீரைத் தொட மாட்டார். முடித்து அரை மணி நேரம் ஆன பிறகுதான் குடிப்பார். "தண்ணியும் சோறும் பங்காளிங்க தங்கச்சி. ஒரே வீட்டுல விட்டா அடிச்சுக்குவானுங்க" என்பார். கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவோடு துரத்துகிறவர்களிடம், "எனக்கு வயிறு ஒத்த அற லயம். சொந்தக்காரங்க வந்தா வாசல்லதான் படுக்கணும்" என்று தோட்டத்து வரிசை வீட்டை இழுத்துச் சிரிக்க வைத்துத் தப்புவார். "சுகரா, டிபியா, இப்படி உருகிட்டீங்களே" என்று துக்கம் விசாரிக்கிறவர்களிடம் மட்டும் எனக்குத்தான் வாய் நீளும். அவர் தன் சத்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வார். அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

பாலம் பழகியதும் ஹேடோவிலிருந்து மேலே ஏறும் சாலைக்கு மாறினோம். முதலில் நாலு இடத்தில் நின்றார். பிறகு இரண்டு. ஒரு மழைக்காலம் முடிந்தபோது நிற்காமல் ஏறிவிட்டார். நான் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், "நிக்காத தங்கச்சி, நிக்காத!" என்று முன்னாலிருந்து கத்துவார். அந்தக் குரலில் உடற்பயிற்சி இருக்காது.  திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொள்வேன்.

பிறகு அந்தத் தீவுக்குப் போக வேண்டிய அரசாங்கப் பாஸ் வாங்கிக் கச்சாலுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வந்த அன்று ஷெட்டில் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை.

"ஏறிட்டீங்களா அண்ணே?"

"மேட்டுல பாதி இல்ல தங்கச்சி. நெலம் எறங்கிப்போச்சு. எங்க லயமும் அவ நின்ன எடமும் கடலுக்குள்ள இருக்கு. மிச்சமிருந்த மேட்ட நிக்காம ஏறுனேன். மேல போயி திரும்பிப் பார்த்தா யாருமில்ல." டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்பத்தான் புத்தி வந்துச்சு. அவ குண்டா இருந்து நான் ஒல்லியா இருந்தா, நான் மட்டும் நிக்காம ஓடியிருப்பனா? நானும்தான் எறங்கியிருப்பேன். இத்தன வருசமா நான் ஓடிப் பழகுனது அவள விட்டுட்டுப் போறதுக்கா?"

அன்று அவர் டப்பாவில் இருந்த மீன் அப்படியே திரும்பிப் போனது. மறுநாளிலிருந்து ஹேடோ மேட்டில் பாதி வழியில், ஒரு படாக் மரத்தடியில் அவர் நிற்க ஆரம்பித்தார். மூச்சிரைத்து அல்ல. நன்றாகத் திரும்பி, கீழே வரும் சாலையைப் பார்த்தபடி நிற்பார். "என்னண்ணே?" என்று கேட்டால், "வரட்டும்" என்பார். அவர் பார்க்கும் திசையில் சாலை காலியாக இருக்கும், அதற்கும் கீழே கடல் இருக்கும். தண்ணீரையே பார்க்காதவர் அங்கே மட்டும் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆன பிறகு, "சரி, போவோம்" என்று பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு ஓரமாக நடப்பார். நானும் அந்த இடத்தில் நடந்ததில்லை.

மரத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் வங்காளிக்காரர்தான் அன்று அவரைப் பார்த்தவர். நான் போய்க் கேட்டேன். "பாபா ருக்கா. பீச்சே தேக்கா" என்றார். வழக்கம்போல நின்றார், திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு நடந்ததைச் சொல்லும்போது கடைக்காரர் தன் கையையே நீட்டிக் காட்டினார். அண்ணன் நாலு எட்டுக் கீழே இறங்கி, யாரையோ மேலே தூக்கிவிடுவதுபோல் கையை நீட்டினாராம். முகத்தில் சிரிப்பு இருந்ததாம். நீட்டிய கையோடு மெல்ல உட்கார்ந்துவிட்டாராம். சாலையில் வேறு யாரும் இல்லை என்று கடைக்காரர் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார்.

பதினாறாம் நாள் வடக்கே திக்லிபூரிலிருந்து அவர் தம்பி குடும்பம் பஸ்ஸில் நாளெல்லாம் குலுங்கி வந்து சேர்ந்தது. நல்ல மனிதர்கள். பெரிய தலைவாழை இலையாகப் பார்த்து விரித்து, சோற்றைக் குவித்து, பக்கத்திலேயே செம்பு நிறையத் தண்ணீர் வைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் கோபம் போய் அழுகை வந்தது. அவர்கள் அண்ணனைப் பழைய உடம்போடுதான் கடைசியாகப் பார்த்தவர்கள், பாவம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மேட்டில் பாதி வழியில் நிற்பதுதான். படாக் மரத்தடியில் நிற்கிறேன், கீழே பார்க்க இன்னும் துணிவு வரவில்லை. கிளம்பும்போது மட்டும் ஓரமாக நடக்கிறேன், இரண்டு பேருக்கு இடம் வேண்டும். டிசம்பர் வருகிறது. விளக்கின் முன் இரண்டு வெற்றிலை வைப்பேன். அண்ணிக்கு ரொட்டியும் சம்பலும். அண்ணனுக்கு ரொட்டி ஒத்துக்கொள்ளாது, முள் எடுத்த மீன் ஒரு துண்டு. தண்ணீரை மட்டும் உடனே வைக்க மாட்டேன். அரை மணி நேரம் காத்திருந்து, அப்புறம் கொண்டுவந்து வைப்பேன்.