கடலுக்குள் விழுந்த முந்நூற்றுப் பன்னிரண்டு குழிகள்

பேணுதர் தராய் எதையும் இரு முறை சோதிக்காமல் ஏற்பவர் அல்லர். சந்தையில் மீனின் செவுளைத் திறந்து பார்த்த பிறகும் முகர்ந்து பார்ப்பார். கடல் உயிரின ஆய்வு அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாகத் தற்காலிகக் களப்பணியாளர். குளிர்காலம் பிறந்தால், மகாநதி முகத்துவாரத்துக்கு வடக்கேயுள்ள மணற்கரையில் நடந்து, ஆமை முட்டையிட்ட ஒவ்வொரு குழியின் இருப்பிடத்தையும் செயற்கைக்கோள் கருவியில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார்.

அவரை நிரந்தரப்படுத்தும் கோப்பு இயக்குநரின் கையொப்பத்துக்காகக் காத்திருந்த வாரத்தில், வரைபடப் பிரிவின் பிரதீப்த நாயக் அவ்வாண்டின் முந்நூற்றுப் பன்னிரண்டு குழிகளையும் கணினியில் ஏற்றினான். ஒன்றுகூட மணலில் விழவில்லை. எல்லாம் கடலுக்குள் கிடந்தன.

"பேணு அண்ணா, உங்க ஆமைங்க படகுல உக்காந்தா முட்டை போட்டுச்சு?" என்றான் பிரதீப்தன்.

அறை சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை, கோப்பை மூடி ஓரமாக வைத்தார். தேநீர்க் கடையில் பொரி கொறித்தபடி மனம்போன எண்களை எழுதியிருப்பார் என்ற பேச்சு மாலைக்குள் காவலாளிவரை போய்விட்டது. விசாரிக்கும் பொறுப்பு ஆய்வாளர் இதிஸ்ரீ மகாபாத்ராவுக்கு வந்தது.

பேணுதருக்கு ஐயம் பிரதீப்தன் மேல். அவனுடைய மைத்துனன் வேலை கேட்டு இரு முறை அலுவலகம் வந்து போயிருந்தான். ஆகவே ஒரு நாள் முழுதும் அமர்ந்து, கணினியில் ஏறியிருந்த எண்களைத் தம் குறிப்பேட்டோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். பிழை ஒன்றும் இல்லை. ஐயமும் தீரவில்லை.

மறுநாள் காலை இதிஸ்ரீ தம் கருவியோடு அவரை மணற்கரைக்கு அழைத்துச் சென்றார். நாற்பத்தொன்றாம் குழியைக் காட்டச் சொன்னதும், பேணுதர் எல்லைத் தூணிலிருந்து அடிகளை எண்ணி நடந்து ஓரிடத்தில் நின்றார். அங்கே வெறும் மணலும் அடம்பங்கொடியும்தான். அடையாள மூங்கில் குச்சியைக் காணோம்.

"குச்சி எங்கே?"

"ஊர்க்காரங்க விறகுக்குப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க மேடம். அவங்களை நம்பி நான் குச்சியோட நிறுத்திக்கல."

மண்டியிட்டு முழங்கை ஆழம் தோண்டினார். உலர்ந்த முட்டை ஓடுகளும், நாற்பத்தொன்று என்று கீறிய கூரை ஓட்டுத் துண்டொன்றும் வெளிப்பட்டன.

இதிஸ்ரீ அசையவில்லை. "நேத்து வந்து புதைச்சிருக்கலாமே?"

பேணுதர் ஓட்டுத் துண்டைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. அடம்பங்கொடியின் வெள்ளை வேர்கள் அதைச் சுற்றிப் பின்னியிருந்தன. இதிஸ்ரீ குனிந்து, வேர்களை விரலால் தடவி நெடுநேரம் பார்த்தார். பிறகு அவ்விடத்தைத் தம் கருவியில் அளந்தார். பேணுதர் எழுதியிருந்த இடம் அதற்கு இருநூற்று நாற்பது மீட்டர் கிழக்கே, அலைகளுக்கு அப்பால் இருந்தது. அடுத்த குழியிலும் அதே இருநூற்று நாற்பது. பத்துக் குழிகளிலும் அதுவே.

"பொய் எழுதுறவனுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது," என்றார் இதிஸ்ரீ. "கருவியில எதையாவது மாத்தினீங்களா?"

மாற்றியதை ஒப்புக்கொள்ளப் பேணுதருக்குத் தயக்கமில்லை. அவ்வாண்டு புதுக் கருவி வந்த முதல் நாளே அதை நம்பாமல், ஊரெல்லையிலுள்ள நில அளவைக் கல்லருகே கொண்டுபோய்ப் பழைய வரைபடத் தாளோடு ஒப்பிட்டாராம். எண்கள் ஒத்துப்போகவில்லை. கருவிதான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, உள்ளமைப்பில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, தாளோடு ஒத்துப்போனதும் நிறுத்திக்கொண்டாராம். அந்தத் தாள்கள் பூமியின் வடிவைப் பழைய கணக்கில் கொண்டு வரையப்பட்டவை. அலுவலகக் கணினி அறிந்ததோ செயற்கைக்கோளின் கணக்கு. இரண்டுக்கும் இடையில்தான் முந்நூற்றுப் பன்னிரண்டு குழிகளும் கடலில் விழுந்திருந்தன.

"மாத்தினதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா யாராவது திரும்ப மாத்திடுவாங்கன்னுதான்."

இதிஸ்ரீ சிரிப்பை அடக்கிக்கொண்டார். விசாரணை அறிக்கையை அன்றே எழுதினார். பிரதீப்தன் எல்லாக் குழிகளையும் திருத்த, அவை கரையில் வரிசையாக வந்து அமர்ந்தன.

பத்து நாளில் பணி நிரந்தர ஆணை வந்தது. பேணுதர் பெயரைப் படித்தார், தேதியைப் படித்தார், முத்திரையைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். பிறகு பிரதீப்தனிடம் சென்று, அதில் எழுதியிருப்பதை ஒரு முறை உரக்கப் படிக்கச் சொன்னார். அவன் படிக்கையில் அவர் கண் தாளில் இல்லை; அவன் முகத்தில் இருந்தது.