டேங்கர் வந்த நேரம்

எங்கள் வேனில் கசிந்த வாட்டர் பம்ப்பைக் கழற்றி, வீட்டு வாசலிலேயே என் கணவர் புதுசு மாட்டினார். "முடிஞ்சுது" என்றார். அதற்குள் தண்ணீர் டேங்கர் வந்துவிட்டது. எங்கள் சந்தில் ஒரு வண்டிதான் போகும்.

"வேனை எடுங்கம்மா, இல்லாட்டி அடுத்த தெருவுக்குப் போய்டுவேன்" என்றார் டேங்கர் டிரைவர். ஓடிப்போய் சாவியைத் திருகினேன். கசிவு நின்றதா என்று துடைத்துப் பார்க்க, கணவர் மறுபடி வேனுக்கடியில் புகுந்திருந்தது எனக்குத் தெரியாது.

"ஆஃப் பண்ணுடி, கை உள்ள இருக்கு."

அவர் கையிலிருந்த துணியை மட்டும் என்ஜின் பெல்ட் பிடுங்கிக்கொண்டது. விரல்கள் தப்பின.

இப்போதெல்லாம் சாவியை அவர் சட்டைப் பையில் போட்ட பிறகே ஸ்பானரைக் கொடுக்கிறேன். ஆனாலும் டேங்கர் ஹாரன் கேட்டால், குடத்தைத் தேடாமல் அவர் கைகளைத் தேடுகிறேன்.