கிராபிக்ஸ் கார்டு இல்ல மதாம்

லேப்டாப்பைப் பிரித்தால் உள்ளே என்னவெல்லாம் கிடக்கும் என்று ஹேமலதாவிடம் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டுவிடாதீர்கள். கரப்பான் முட்டை, மிக்சர் தூள், நாய் முடி, ஒருமுறை செத்துக் காய்ந்த பல்லி. மூலக்குளத்திலிருந்து உப்பளத்து ரிப்பேர் கடைக்கு ஸ்கூட்டியில் வந்து பதினோரு வருடமாக இதையெல்லாம் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருக்கிறாள். முகம் சுளித்ததில்லை. அழுக்குதானே, தட்டினால் போய்விடும் என்பாள்.

முதலாளி ராஜவேல் நல்ல மனிதர் என்று ஊரே நம்பியது, அவளும் நம்பினாள். வேலை முடிந்த ஒவ்வொரு லேப்டாப்பையும் ஃபைனல் செக்கிங் என்று பின்னறைக்கு எடுத்துப் போய்த் தானே பார்ப்பார். அவ்வளவு அக்கறை! கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது ஹேமலதாவின் வேலை. பொய் பேசத் தெரியாத வாய் என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மார்ச்சில் ஏலிஸ் மதாம் வந்தார்; பிரெஞ்சு வாடை போகாத இந்த ஊரில் அம்மா என்பதை மதாம் என்பார்கள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் கஸ்தோன் பிரான்சில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். அவர் அங்கிருந்து வாங்கி அனுப்பிய லேப்டாப்பில் கீபோர்டு போயிருந்தது. எழுத்துகள் பிரெஞ்சுக்காரர் வரிசையில் இருக்கும் கீபோர்டு. தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தாள். காத்திருந்த நேரத்தில் மதாம் வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று சொன்னார்.

"அவரு போன்ல பேசுனா ரெண்டே வார்த்ததாம்மா. சாப்டியா, வச்சிடறேன். ஆனா ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல பூசை முடிஞ்சி வந்து, அவரு அங்க அவரு லேப்டாப்புல, நான் இங்க இதுல, நெட்டுல சேந்து அந்த லாரி ஓட்ற கேம் ஆடுவோம் பாரு, அப்ப வாய் மூடாது. கம்பெனி கதை, முட்டி வலி, எல்லாம் அப்பதான் வரும்."

ஏப்ரலில் மதாம் மறுபடி வந்தார். லாரி பத்து நிமிஷம் ஓடும், திரை உறையும், கேம் தானாக மூடிக்கொள்ளும். ஹேமலதா டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுசாகப் போட்டாள். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. கேமில் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாள். அப்போதும் கேம் செத்து விழுந்தது. மெமரி, அதாவது ரேம், எட்டு ஜிபி என்று திரையில் எழுதியிருந்தது. பார்த்தாள், தாண்டிப் போனாள். பிரித்துப் பார்க்கவில்லை. பதில்தான் தயாராக இருந்ததே.

"இதுல தனியா கிராபிக்ஸ் கார்டு இல்ல மதாம். கேமுக்குச் செஞ்ச மெஷினே இல்ல இது. ஆடாது, விட்டுடுங்க."

மதாம் தலையாட்டிவிட்டுப் போனார். முன்பு நன்றாகத்தான் ஓடியது என்றுகூடச் சொல்லவில்லை. இவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

போன வாரம் மூன்றாம் முறையாக வந்தார். கோயில் பிள்ளைகளுக்கு லேப்டாப்பைக் கொடுக்கப் போகிறாராம். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, தூசி தட்டிக் கொடுத்தால் போதும் என்றார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஹேமலதா அடித்தட்டைக் கழற்றினாள்.

ரேம் செருகும் இடம் இரண்டு. ஒன்றில் இருந்தது, மற்றது காலி. மார்ச்சில் இரண்டும் நிறைந்திருந்ததாக ஒரு ஞாபகம். கீபோர்டு மாற்றும்போது எந்த ஸ்க்ரூ எங்கே என்று மறக்காமலிருக்க போனில் படம் எடுப்பது அவள் வழக்கம். மார்ச் படத்தைத் தேடி எடுத்தாள். அதில் இரண்டு இடத்திலும் எட்டு ஜிபி ரேம் பளிச்சென்று இருந்தது.

தனிக் கார்டு இல்லாத லேப்டாப் படம் காட்டுவதற்கும் அந்த ரேமிலிருந்துதான் பங்கு கேட்கும். அதில் பாதியைப் பிடுங்கினால் கேம் நடுரோட்டில் படுக்கத்தான் செய்யும். இது அவளுக்குத் தெரியாததா? இந்த வருடத்தில் கேம் நிற்கிறது என்று வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எத்தனை பேர் ஏற்கெனவே ஒருமுறை இங்கே ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள்! அத்தனை பேருக்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தாள்.

போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். ராஜவேல் படத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"ஆமா, அதுக்கென்னா இப்ப? லெட்டர் அடிக்க, படம் பாக்க எட்டு போதாதா? அந்தம்மாவுக்கு என்னா தெரியப் போவுது?"

"கேம் நிக்குதுன்னு வந்தாங்களே சார்."

"வந்தாங்க, நீ சொன்ன, போய்ட்டாங்க. நீ சொன்னா நம்புறாங்க ஹேமா. அதுக்குத்தான உன்ன முன்னாடி ஒக்கார வச்சிருக்கேன்?"

சிரித்துக்கொண்டே சொன்னார், பாராட்டுகிற மாதிரி. ஹேமலதாவுக்குக் குமட்டியது. செத்த பல்லியை வெறுங்கையால் எடுத்தபோது வராத குமட்டல். திருடன் மேல் வந்ததைவிடத் தன் வாய் மேல் வந்தது அதிகம். எச்சில் இலைக்கு மேல் வாழை இலை போட்டு மூடுகிறவன் போல அவளை வைத்துத் திருட்டை மூடியிருக்கிறான் அந்த ஆள்.

"அந்த ரேமக் குடுங்க சார். இல்லன்னா இந்தப் படத்தோட வெளிய போயி எல்லாருக்கும் கேக்குற மாதிரி பேசுவேன்."

முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ராஜவேல் எட்டிப் பார்த்தார். முணுமுணுத்தபடி டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்து மேஜை மேல் போட்டார். உள்ளே அது மாதிரி இன்னும் பல கிடந்தன. அவள் அதையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவர் கத்தினார், அவள் காதில் வாங்கவில்லை.

ரேமைச் செருகி மூடினாள். பெஞ்சுக்குப் போய் மதாம் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முதலாளி ரேமைத் திருடியதைச் சொன்னாள். ஏப்ரலில் தான் பிரித்துப் பார்க்காமலே பேசியதையும் சொன்னாள். மதாம் பின்னறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஹேமலதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப லாரி நல்லா ஓடும் மதாம். யாருக்கும் குடுத்துடாதீங்க. இந்த ஞாயித்துக்கெழமயே ஆடுங்க."

"யாரோட ஆடறது?" என்றார் மதாம். "நீ ஆடாதுன்னு சொன்னத அன்னைக்கே அவருகிட்ட சொல்லிட்டேன். ஒண்டியா என்னாத்த ஆடறதுன்னு அவரோட லேப்டாப்ப வித்துட்டாரும்மா."