ஏட்டய்யா கேட்காத பாட்டு

என் வீட்டுக்காரருக்கு ஏட்டய்யா என்று பெயர் வைத்தது நான்தான். அவர் போலீஸ் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். கடையில் அவர் இருக்கிற சுவடே தெரியாது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று முதலாளியே அவ்வப்போது எட்டிப் பார்ப்பாராம். ஆனால் செல்போனைக் கையில் எடுத்துவிட்டால் மனிதர் விறைத்துக்கொள்வார். ஒரு பாடகியின் ரசிகர்கள் இணையத்தில் நடத்தும் குழுவுக்கு அவர்தான் காவல். எந்தப் பதிவு இருக்கலாம், எது அழிய வேண்டும், யாரை வெளியே தள்ள வேண்டும் எல்லாம் அவர் கையில். இதற்குச் சம்பளமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

அந்தப் பாடகியை நான் 'என் சக்களத்தி' என்றுதான் சொல்வேன். அதற்கெல்லாம் அவர் கோபப்படமாட்டார். அவங்க குரலுக்காவது மரியாதை கொடு என்பார். நல்ல குரல்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அம்மணி புதுப்பாட்டு வெளியிட்டு வெகுகாலம் ஆகிறது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்கிறார்கள், வந்தபாடில்லை. ரசிகர்கள் காய்ந்துபோய்க் கிடக்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்குள் தன் சொந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கடைவிரிக்கிறவர்கள் ஒரு பக்கம். ரெக்கார்டிங் அறையிலிருந்து கசிந்தது என்று எதையாவது கொண்டுவந்து போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். குழுவின் முதல் விதி, சொந்த விளம்பரம் கூடாது. இரண்டாவது விதி, கசிந்த பாட்டு கூடாது. இரண்டையும் எழுதியவர் எங்கள் ஏட்டய்யா.

இரண்டாவது விதிக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு கச்சேரியில் அந்தப் பாடகி மைக்கைப் பிடித்து, முடிக்காத பாட்டைத் திருடிப் பரப்புவது பாதி பின்னிய ஜடையோடு ஒருத்தியைத் தெருவுக்கு இழுத்து வருவது மாதிரி என்று சொன்னாராம். கூட்டம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கசிந்த பாட்டைத் தேடியது. இவர் ஒருத்தர்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஆனால் ஒன்று. எவனாவது கசிந்த பாட்டைப் போட்டால், அது உண்மையிலேயே அந்தப் பாடகியின் பாட்டுதானா என்று சரிபார்க்க வேண்டாமா? அதனால் இயர்போனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கடமையாம். கேட்டு முடித்தபின் நெற்றியைச் சுருக்கி, இந்த வரி இப்படி வரக்கூடாது என்று ஒரு குறை சொல்லி, பெருமூச்சு விட்டு அழிப்பார்.

சொந்தப் பாட்டைப் போடுகிறவர்கள் விஷயத்தில் அந்தக் கடமையும் கிடையாது. கேட்காமலே அழிப்பார். 'நண்பரே, இது உங்கள் கடைத்தெரு அல்ல' என்று ஒரு வாசகம் தயாராக வைத்திருந்தார். அதை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

நான் வீட்டிலேயே ஜன்னல் திரை தைக்கிறேன். தைக்கும்போது பாடுவேன். சொந்தமாக வரி கட்டிப் பாடுவது சின்ன வயசிலிருந்தே இருக்கிற பைத்தியம். கல்யாணம் ஆன புதிதில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடிக் காட்டியிருக்கிறேன். பல்லவி முடிவதற்குள் செல்போன் கிணுகிணுக்கும். "ஒரு நிமிஷம் இரு, எவனோ லீக் போட்டிருக்கான்" என்று எழுந்து போவார். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை. எனக்குப் பேரும் புகழும் வேண்டாம். கட்டினவர் ஒருதரம் கடைசிவரை கேட்டால் போதும் என்றிருந்தது. அதுகூட நடக்காவிட்டால் மனசு கசந்துபோகாதா?

வீட்டில் கிடைக்காத காது அந்தக் குழுவில் இருக்கிறது என்று ஒருநாள் தோன்றியது. தைத்து முடித்த கனத்த திரைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, எதிரொலி வராமல், செல்போனில் ஒரு பாட்டைப் பதிந்தேன். தாளத்துக்குக் கத்திரிக்கோல் பிடியால் மேஜையில் தட்டினேன். இரண்டு சரணம் பாடி முடிக்கும்போது அடுக்களையில் குக்கர் விசில் அடித்துவிட்டது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேறொரு பெயரில் உள்ளே நுழைந்து, 'நானே எழுதிப் பாடியது, கேட்டுச் சொல்லுங்கள்' என்று போட்டேன்.

அவர் கடையில் வேலையாக இருந்ததால் பதிவு கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தது. வந்தார்கள் ஐயா, வரிசையாக. வாசலில் சாமான் விற்க வந்தவளை விரட்டுகிற மாதிரி விரட்டினார்கள். பஸ் கண்டக்டர் ஒருத்தர், காது புண்ணாகிவிட்டது என்றார். அவர் பாட்டைத் திறக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும், கேட்டவர்கள் எண்ணிக்கை அப்போது கீழே பூஜ்யம் என்றுதானே இருந்தது. கணக்கு டீச்சர் ஒருவர் மட்டும் 'பாவம், விடுங்கள்' என்றார். பிறகு ஏட்டய்யா வந்தார். 'நண்பரே, இது உங்கள் கடைத்தெரு அல்ல.' அழித்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்னைக்கு ஒரு அம்மா தொல்லை கொடுத்துச்சு என்று என்னிடமே அலுத்துக்கொண்டார். வந்த ஆத்திரத்தில் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். அதையும் கவனிக்கவில்லை.

சில வாரம் போயிற்று. திடீரென்று குழுவில் ஒரே களேபரம். என் பாட்டை அந்தக் கொஞ்ச நேரத்தில் எவனோ இறக்கி வைத்திருக்கிறான். அதைத்தான் இப்போது, பாடகியின் வெளிவராத ஆல்பத்திலிருந்து கசிந்தது என்று சொல்லிப் போட்டுவிட்டான். அடேயப்பா, அன்றைக்கு அழுதவர்கள் எத்தனை பேர்! காது புண்ணான கண்டக்டர், வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிட்டுக் கேட்டேன் என்று எழுதினார். கத்திரிக்கோல் தட்டலை எந்த நாட்டு வாத்தியம் என்று ஆராய்ந்தார்கள். கடைசியில் வரும் அந்த ஒற்றைக் குழலோசை தனிமையின் குரல் என்றார் ஒரு பெரிய விமர்சகர். எங்கள் குக்கருக்கு அவ்வளவு மரியாதை யாரும் கொடுத்ததில்லை.

ஏட்டய்யா விதிப்படி அழித்தார். அவர்கள் மறுபடி போட்டார்கள், மறுபடி அழித்தார். ஈவு இரக்கமில்லாதவர் என்று திட்டு வாங்கினார். நான் திரைக்கு மடிப்பு வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. வாயைத் திறக்கவில்லை. அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று வீம்பு. ஒரே வீட்டில் இருக்கிறோம், இந்தக் குரல் தெரியாதா?

தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திரைகளை மடிக்க எனக்கு உதவிக்கொண்டிருந்தார். துணியின் இந்த நுனி என் கையில், அந்த நுனி அவர் கையில். காதில் இயர்போன். உதடு மெல்ல முனகியது: 'காற்று வந்து தட்டுதே, கை வலிக்கும் பாவமே.' ஊருக்கெல்லாம் அழித்த பாட்டைத் தனக்கு மட்டும் ஒளித்து வைத்துக் கேட்கிறார் மகானுபாவர். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டே போய் ஒரு பக்க இயர்போனைப் பிடுங்கி, பதியாமல் விட்ட மூன்றாவது சரணத்தைப் பாடினேன்: 'இருட்டு வந்து நிற்குதே, பயந்திருக்கும் பாவமே.'

அவர் முகம் வெளிறிவிட்டது. துணி கையிலிருந்து நழுவியது.

"இந்த சரணம் உனக்கு எப்படிக் கிடைச்சுது?" என்றார். "முழுப் பாட்டும் வெளிய வந்துடுச்சா? யாரு அனுப்பினது, சொல்லு."

தலையில் அடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. "எழுதினவளைப் பார்த்துக் கேக்குறீங்களே, இது நியாயமா?" என்றேன். "கடைசில வர்ற விசிலைக் கேளுங்க. அது நம்ம குக்கர். வெயிட் தேஞ்சுபோய் இழுத்து இழுத்துக் கத்துமே, அதேதான்."

கேட்டார். திரும்பக் கேட்டார். அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தைக்கிற ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு வந்த அம்மா நீதானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "கேக்காமலே அழிச்சுட்டேனே" என்றார். அதுவரை சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

அன்றைக்கே குழுவில் எழுதினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். அது கசிந்த பாட்டு அல்ல, என் மனைவி எழுதிப் பாடியது, முதலில் வந்தபோது கேட்காமல் அழித்தது நான், தவறு என்னுடையது என்று எழுதினார். அவ்வளவுதான். எழுதாமல் இருந்தால் காவல் வேலை தப்பியிருக்கும். எழுதாதீங்க என்று நானே சொல்லியும் பார்த்தேன். கேட்கவில்லை.

துணைக்காவலுக்கு இருந்தவர் எங்கேயோ ஒரு பல் டாக்டர். சொந்த விளம்பரம், அதுவும் குடும்பத்துக்காக, என்று சொல்லிப் பதிவை அழித்தார். இவரையும், வேறு பெயரில் இருந்த என்னையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அதன்பிறகு உள்ளே நடந்ததெல்லாம் கணக்கு டீச்சர் எனக்கு எழுதி அனுப்பித் தெரிந்ததுதான். கண்டக்டருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகமாம். விமர்சகருக்கு அது குக்கர் என்று அப்போதே தெரியுமாம், நாகரிகம் கருதிச் சொல்லவில்லையாம். மனைவியைப் பிரபலமாக்க இவர் பல மாதமாகப் போட்ட திட்டம் என்று ஒரு கட்சி. டீச்சர் மட்டும் கடைசியில், மூன்றாவது சரணம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையிலேயே பாவமாக இருந்தது. செல்போனை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். மன்னிப்புக் கேட்டு மறுபடி சேர்ந்துக்கோங்களேன் என்றேன். "டாக்டர் செஞ்சது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த ஞாயிறு தையல் அறைக்கு அவராகவே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுசாப் பாடு என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு. பாடினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சரணம்வரை அசையாமல் கேட்டார். முடிந்ததும் நல்லா இருக்கு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டாவது சரணத்துல மூச்சை முன்னாடியே எடுத்துடுற. வரி உடைஞ்சுபோகுது" என்றார்.

சுர்ரென்று கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இதுவரை உலகத்தில் என் சக்களத்தி ஒருத்தியின் பாட்டுக்குத்தான் இந்த மனிதர் இப்படி நெற்றியைச் சுருக்கிக் குறை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கத்திரிக்கோலை எடுத்து, பிடியால் மேஜையில் தாளம் தட்டி, இரண்டாவது சரணத்தை மறுபடி எடுத்தேன்.