முன்கூட்டியே நன்றி

சங்கரன்கோவிலில் நான் படித்த கல்லூரிக்கு ஒரு மாணவர் செய்தித்தாள் இருந்தது. மாதம் ஒன்று, நான்கு பக்கம். மாணவர்களே எழுதி, மாணவர்களே திருத்தி, மாணவர்களே வெளியிடுவது என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த வரிக்கு மேலே தாளாளர் படம்.

எனக்கு முன்னால் படித்தவர்கள் சொன்ன சரித்திரப்படி, ஆரம்பத்தில் அது நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கையெழுத்துத் தாள். குடிதண்ணீர்த் தொட்டியில் பல்லி மிதந்ததை அது எழுதிவிட்டது. தொட்டியைக் கழுவினார்களோ இல்லையோ, பத்திரிகையைக் கழுவிவிட்டார்கள். இனி நிர்வாகமே அச்சடித்துத் தரும், ஆலோசகராக ஒரு பேராசிரியர் இருப்பார் என்று அறிவிப்பு வந்ததும் மாணவர்கள் கைதட்டினார்களாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில்தான் எங்கள் வேலையும் நடக்கும். முகூர்த்த மாதங்களில் தலையங்கத்தைச் சுற்றி மாவிலைத் தோரணம் ஓடும்.

மூன்றாம் வருடம் நான் ஆசிரியர் ஆனேன். முதல் நாளே ஆலோசகர் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏலே, செய்தி எதுவேணும்னாலும் போடு. படத்துல மட்டும் தாளாளர் இருக்கணும். அவர் இல்லாத படம் அச்சுக்குப் போவாது, பாத்துக்கோ."

நல்ல மனுஷன்தான். வேலையை ரொம்ப நேசித்தார். ரத்த தான முகாமில் படுத்துக் கிடந்த மாணவனின் பாதிப் படத்தை வெட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற தாளாளரை முழுசாக வைத்தவர்.

என் துணையாசிரியை இரண்டாம் வருட மாணவி. குருவிகுளத்துக்காரி. பத்திரிகையில் உருப்படியாக எழுதத் தெரிந்த ஒரே ஆள். அவள் ஊர்ப் பேருந்து கல்லூரி விடுகிற நேரத்துக்குச் சரியாக வாசலைத் தாண்டிப் போகும், ஆனால் நிற்காது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் அடுத்த வண்டியைப் பிடித்தால் ஊர் சேர்வதற்குள் இருட்டிவிடும்.

"இருட்டுன பொறவு வீடு வந்தா காலேஜ் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாவ அண்ணே. பொங்கல் வரைக்கும் பாப்பாவளாம்" என்றாள்.

பேருந்து நிற்க வேண்டும் என்று செய்தி எழுதிக் கொடுத்தோம். அது புகார் என்று ஆலோசகர் திருப்பித் தந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ அதே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு செய்தி எழுதினாள். மாணவிகளின் நலன் கருதிக் கல்லூரி வாசலில் பேருந்து நிற்க ஏற்பாடு செய்துவரும் தாளாளருக்கு மாணவர்களின் நன்றி. எங்கள் ஊரில் இது ஒன்றும் புதிதல்ல. ரோடு வருகிறதோ இல்லையோ, ரோட்டுக்கு நன்றி சொல்லும் சுவரொட்டி முதலில் வந்துவிடும். தாளாளர் சிரிக்கிற படத்தோடு செய்தி முதல் பக்கத்தில் வந்தது.

அவர் போன கல்யாண வீட்டிலெல்லாம் ஜனங்கள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் செய்யவில்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. டெப்போவுக்குப் போன் பறந்தது. அடுத்த வாரமே பேருந்து நின்றது.

நிற்பது என்றால் சும்மா நிற்குமா? முதல் நாள் விழா. பேருந்துக்கு வாழைக்கன்று கட்டி, வாசலில் மைக் வைத்து, ஆளாளுக்குப் பேசினார்கள். மாணவிகள் நேரத்தோடு வீடு சேர வேண்டியதன் அவசியத்தை ஒருவர் விரிவாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தபோது பொழுது சாய்ந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பயணிகள் பொறுமையிழந்தார்கள்.

"வண்டிய எடுங்கய்யா, வீட்டுல மாடு கத்தும்!"

துணையாசிரியை ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

மகளைக் காணவில்லை என்று அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அப்படி உடுத்தி யார் நுழைந்தாலும் பொன்னாடை போட்டுவிடுவது எங்கள் கல்லூரிப் பழக்கம். யார், எவர் என்று யாரும் கேட்கவில்லை. மேடையேற்றி, தாளாளர் கையாலேயே போர்த்திவிட்டார்கள். கேமரா மின்னியது. மனிதர் கோபத்தில் கொதித்துக்கொண்டே வணக்கம் சொன்னார். இறங்கி வந்து பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, எறங்கு. நீ படிச்சது போதும். நாளையிலிருந்து வராண்டாம்."

பொங்கல் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. மறுநாள் பேருந்து ஒழுங்காக வந்து நின்றது. அவள் அதில் இல்லை. அந்தப் பேருந்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாத இதழுக்குப் படங்கள் பொறுக்கும்போது பொன்னாடைப் படம் கையில் அகப்பட்டது. படத்தில் தாளாளர் இருந்தார். ஆகவே, யாரும் தடுக்க முடியாது. அவள் காட்டிய வழியிலேயே கீழே எழுதினேன்: மகளைப் பட்டம் வாங்கும்வரை படிக்கவைக்க உறுதிபூண்டுள்ள குருவிகுளம் விவசாயிக்குத் தாளாளர் பாராட்டு. ஆலோசகர் தாளாளரின் முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு கட்டுப் பிரதிகளை அதே பேருந்தில் ஏற்றிக் குருவிகுளம் டீக்கடைக்கு அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் கல்லூரி வாசலில் இறங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் டீக்கடையில அப்பா கையைப் புடிச்சுப் பாராட்டுதாவளாம். 'பேப்பர்லயே போட்டுட்டானுவ, இனி என்னத்தச் செய்ய, போ'ன்னுட்டாவ" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பஸ்ஸுக்குத் தாளாளருக்கு நன்றி. படிப்புக்கு எங்கப்பாவுக்கு நன்றி. படிக்கது நான்தானே அண்ணே?" என்றாள்.

அவளை அந்தப் பேருந்துப் படிக்கட்டுப் பக்கமாகவே நிற்கவைத்து என் போனில் ஒரு படம் எடுத்தேன். நல்ல வெயில், அருமையாக வந்திருந்தது. தலைப்புக்கூட யோசித்துவிட்டேன். ஆலோசகர் வாங்கிப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார், ஓரங்களிலெல்லாம் தேடினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல தாளாளர் இல்லையேலே" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.