இது அந்தச் சட்டம் இல்ல, அண்ணி

அலுவலகத்தில் அவருக்கு அரைமில்லி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. நகரமைப்பு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வரைபடம் போடுகிறார். கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் தாளைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் கிழித்த தாள்களில்தான் அந்த அலுவலகமே கை துடைத்து வந்தது.

வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். "எங்க வீட்டுல நேரம் என் இலாகா, தூரம் அவ இலாகா. சண்டை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு நான் சொல்லுவேன். நான் எத்தனை அடி தள்ளி நின்னு கத்தினேன்னு அவ சொல்லுவா" என்பார். பிழைத்துப் போகட்டும், முப்பது வருடத்துத் துணை.

ஆனால் எல்லோரும் நேரக் காப்பாளரைப் போலப் பொறுமைசாலியாக இருக்க முடியுமா? கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, கடைத்தெருவுக்குப் பின்னால் பழைய தெருவில் ஒரு வீடு வாங்கிக் குடிபோனபோது அரைமில்லி பார்க்கப் போனார். பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே. கைப்பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டு, "சுவர் நாலு விரல் வெளிய சாஞ்சிருக்கு" என்றார். கொழுந்தன் மனைவி, அரைமில்லிக்கு ஓரகத்தி, கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். "வீட்டுக்கு வந்தவங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க. இவங்க நூலு விட்டுப் பாத்துட்டுப் போறாங்க" என்று அடுப்படியிலிருந்து சுவருக்குச் சொன்னார். அதன் பிறகு நான்கு வருடம் இருவருக்கும் பேச்சு இல்லை.

பூமி ஆடியது ஒரு காலை பதினொன்றரைக்கு. இருபது விநாடி என்றது வானொலி. பதினெட்டு என்றார் நேரக் காப்பாளர். புதுத்தெருவில் இரண்டு நான்கு மாடிக் கட்டடங்கள் மண்டியிட்டு உட்கார்ந்தன. உள்ளே இருந்தவர்களில் ஏழு பேர் வெளியே வரவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் எல்லா முத்திரையும் சரியாக இருந்தது.

முத்திரை தாங்காததைப் படிவம் தாங்கும் என்று அலுவலகம் முடிவு செய்தது. ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் மூன்று பக்கப் படிவம். சுவர் எதனால் ஆனது என்ற கேள்விக்கு கான்கிரீட், செங்கல், மண் என்று மூன்று கட்டங்கள். நாலாவதாக ஒன்று உலகத்தில் இருக்கும் என்று படிவம் போட்டவருக்குத் தோன்றவில்லை. மண் என்று குறித்து, விரிசல் உண்டு என்றும் குறித்தால், கணினி கண்ணை மூடிக்கொண்டு 'இடிக்க' என்று போட்டுவிடும்.

பழைய தெருவின் பதினொரு வீடுகள் அரைமில்லியின் பங்குக்கு வந்தன. வாசல் வாசலாக நின்று, "எந்த மாதிரி வீடு?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "சட்ட வீடு."

அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அவர் கேட்டதெல்லாம், எங்கள் வீடு சட்டப்படி கட்டினது, அனுமதி வாங்கினது, அந்த அதிகாரியைக் கேளுங்கள் என்கிற சத்தியங்கள்தான். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். குறிப்புப் பகுதியில் 'உரிமையாளர் வீடு சட்டத்துக்கு உட்பட்டது என்கிறார்' என்று அழகான கையெழுத்தில் பதினொரு முறை எழுதினார். வெளிப்பூச்சு மண், ஆகவே மண். பூச்சு பொரிந்து கோடு கோடாக இருந்தது, ஆகவே விரிசல் உண்டு. ஏழாவது வீட்டில் ஓரகத்தி வெளியே வரவில்லை. அவர் முன்னறையில் நடத்தும் தையல் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "சட்ட வீடுன்னு சொல்லிடு. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

ஒரு மாதம் கழித்துப் பதினொரு கதவிலும் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. இருபத்தொன்றாம் தேதி இடிப்பு.

பதினொன்றாம் தேதி சாயங்காலம் கொழுந்தன் நோட்டீசோடு வந்தார். லாரி ஓட்டுபவர், சாதாரணமாகவே சத்தமாகப் பேசுவார். அன்று மெதுவாகப் பேசினார்.

"அண்ணி, பூமி ஆடினப்ப அலமாரியில இருந்து ரெண்டு தட்டு விழுந்துச்சு. அவ்வளவுதான். பூமி தள்ளாத வீட்ட உங்க பேனா தள்ளுது."

"மண் சுவரு தம்பி. விரிசல் விட்டிருக்கு. நான் என்ன பண்ண?"

"சட்ட வீடுன்னு சொன்னோமே."

"சட்டப்படி கட்டினா மட்டும் போதுமா? புதுத்தெருவுல கட்டினதும் சட்டப்படிதான்."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது அந்தச் சட்டம் இல்ல, அண்ணி. ஜன்னல் சட்டம், கட்டில் சட்டம்னு சொல்றோமே, அது. மரச் சட்டம். சுவத்துக்குள்ள பூரா மரம் ஓடுது. மண்ணு மேல பூசினது."

இருபத்தாறு வருடத்தில் அரை மில்லி தவறாதவர், ஒரே ஒரு சொல்லில் பதினொரு வீடு தவறிவிட்டார். "நாளைக்கு வரேன்" என்றார். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை."

"நீங்களே சொல்லிக்குங்க அண்ணி. நான் அந்த வீட்டுல இன்னும் பத்து நாள் குடியிருக்கணும்."

மறுநாள் காலையில் டேப், பலகை, உளி சகிதம் போய் நின்றார். ஓரகத்தி கதவைத் திறந்தார். "வாங்க"வும் இல்லை, "போங்க"வும் இல்லை. பூச்சு ஏற்கனவே உதிர்ந்திருந்த மூலையில் அரைமில்லி உளியை வைத்து ஆளுயரத்துக்குச் சுரண்டினார்.

உள்ளே அவர் அதுவரை வரையாத ஒரு வீடு இருந்தது. நெட்டுக்குத்தாகக் கால்கள், அவற்றைத் தைத்துக்கொண்டு படுக்கைச் சட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம். கட்டங்களுக்குள் சின்னக் கல்லும் மண்ணும் அடைத்திருந்தது. ஆணி கிடையாது. துளையில் மரத்தை இறக்கி முளை அடித்திருந்தார்கள். விரிசல்களைப் பென்சிலால் தொடர்ந்துகொண்டே போனார். ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள் பிறந்து, மரத்தில் முட்டி, அங்கேயே நின்றிருந்தது. மரத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போன விரிசல் ஒன்றுகூட இல்லை. பூமி கொடுத்த ஆட்டத்தை ஒவ்வொரு கட்டமும் தன் கல்லையும் மண்ணையும் உரசித் தானே தீர்த்துக்கொண்டிருக்கிறது. மரம் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்திருக்கிறது. சுவர் பொரிந்ததுதான் வீடு நின்றதற்குச் சாட்சி. அதைத்தான் அவர் குற்றமாகக் குறித்திருந்தார்.

ஐந்து நாளில் முப்பத்து நான்கு தாள். கிழித்தது கம்மி. பதினொரு வீட்டின் ஒவ்வொரு கால், ஒவ்வொரு முளை, ஒவ்வொரு விரிசலும் ஏறியது. பத்து வீட்டில் மரத்தில் குறை இல்லை. பதினொன்றாவதாக, முதல் நாள் ஒரு மூலையோடு விட்டு, மீதியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்த ஏழாம் எண் வீட்டில், தெருப்பக்கச் சுவரில் பென்சில் நின்றது.

"இங்க ஒரு குறுக்குச் சட்டம் இருக்கணுமே. எங்க?"

நான்கு வருடத்தில் முதல் கேள்வி. ஓரகத்தி தையல் இயந்திரத்திலிருந்து தலை தூக்கவில்லை. "ஜன்னலுக்கு வழி விட்டுச்சு."

அந்த ஜன்னல் ஆளுயரக் கண்ணாடி. தைத்த சட்டைகள் அதில் தொங்கும், தெருவே நின்று பார்க்கும்.

"அறுத்தது யாரு?"

"உங்க கொழுந்தன்தான். வெளிச்சம் பத்தலைன்னு நான் சொன்னேன். நான் சொன்ன நூறு விஷயத்துல அவரு கேட்டது இது ஒன்னுதான்."

"படத்துல போடணும்."

இயந்திரம் நின்றது. "அக்கா, பத்து வீடு சரியா இருக்குல்ல. இதையும் அப்படியே எழுதிடுங்க. யாரு வந்து சுரண்டிப் பாக்கப்போறா?"

அரைமில்லி ஜன்னலுக்கு மேலே பார்த்தார். உத்தரத்தின் பாரமெல்லாம் வந்து இறங்கும் இடம். கீழே இன்னும் மூன்று இயந்திரங்கள், மூன்று பெண்கள், அதில் ஒருத்தி வாயில் ஊசியோடு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த தடவை பக்கத்துச் சட்டம் தாங்கிடுச்சு. அடுத்த தடவை தாங்கலைன்னா, இதுங்க மூணு பேரும் நேரா இதுக்குக் கீழதான் உக்காந்திருக்குங்க" என்றார் அரைமில்லி. வரைந்தார். இல்லாத சட்டத்தைப் புள்ளிக் கோடாகப் போட்டார்.

"எங்க வீட்டுல ஒரு குறை கண்டுபிடிக்காம உங்களுக்குச் சோறு இறங்காது" என்றார் ஓரகத்தி. அது பாராட்டு இல்லை என்று அரைமில்லிக்கும் தெரியும்.

பதினேழாம் தேதி அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரி முப்பத்து நான்கு தாளையும் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை. புதுத்தெருக் கட்டடங்களில் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டவர், அன்றிலிருந்து எந்தத் தாளையும் மூன்று முறை படிக்காமல் பேனாவைத் திறப்பதில்லை.

"முதல் பக்கத்துல 'தவறு என்னுடையது'ன்னு எழுதியிருக்கீங்களே அம்மா. இந்த ஆபீஸ்ல யாரும் அப்படி எழுதினதில்ல. 'பதிவின்போது சொற்குழப்பம் ஏற்பட்டது'ன்னு மாத்திடுங்க."

"ஏற்படலை சார். நான் ஏற்படுத்தினேன்."

"மண் வீடு நிக்கும்னு நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா?"

"மண்ணு நிக்கலை சார். மரம் நின்னுச்சு. நீங்க வந்து பாருங்க."

மறுநாள் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் பேனாக்கத்தியை மரத்தில் குத்திப் பார்த்தார். முனை இறங்கவில்லை. இரண்டு விரிசலை விரலால் தொடர்ந்தார், இரண்டும் மரத்தில் போய் முட்டின. பத்து வீட்டுக்கு 'பழுது பார்க்கலாம்' என்று எழுதினார். சுவரில் வைத்து எழுதியதால் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல், அரைமில்லி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் புள்ளிக் கோட்டின் மேல் விரல் வைத்தார். "இது இருபதாம் தேதி சாயங்காலத்துக்குள்ள கோடாயிருக்கணும். இல்லைன்னா உத்தரவு உத்தரவுதான்."

ஓரகத்திக்கு மூச்சு வந்தது. ஆனால் வந்த மூச்சில் முதல் வார்த்தை, "அப்ப என் கண்ணாடி?"

இருபதாம் தேதி தச்சர் வந்தார். உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து, கண்ணாடியை இறக்கி, பழைய கால்களில் புதுத் துளை போட்டார். குறுக்குச் சட்டம் ஏற வேண்டிய நேரத்தில் கொழுந்தன் லாரியோடு வெளியூரில். ஒரு நுனியை அரைமில்லியும் மறுநுனியை ஓரகத்தியும் பிடித்தார்கள்.

"தூக்கிப் பிடி."

"நீங்க தூக்கினதாலதான் இங்க இறங்குது."

"ரெண்டு பேரும் வாய மூடிட்டுத் தூக்குனா ஏறிடும்மா" என்றார் தச்சர்.

ஏறியது. முளை இறங்கும் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நாலரைக்கு அதிகாரி வந்து சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்து, கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியை இரண்டு முக்கோணமாக அறுத்து, சட்டத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தச்சர் பொருத்திக் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு ஓரகத்தி இயந்திரத்தில் உட்கார்ந்து ஒரு துணியை ஊசிக்கடியில் விட்டுப் பார்த்தார். "சட்டத்தோட நிழல் சரியா ஊசி மேல விழுது. தையல் கோணலாப் போகும்."

அரைமில்லி புடவையைச் செருகிக்கொண்டு இயந்திரத்தின் ஒரு காலைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"போதும். ஆ, அதிகமாப் போயிடுச்சு. திரும்ப இந்தப் பக்கம் தள்ளுங்க."