உப்பு லாரியின் பிரேக் பைப்

அந்த மெக்கானிக்கை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து, மரையைத் தடவிப் பார்த்து, தட்டில் வைத்த பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார். அவரிடம் வண்டியை விட்டால் பேரன் பிறந்த பிறகுதான் திரும்பி வரும் என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் அவரிடமே விடுவார்கள்.

அவருக்கு ஒரே தங்கை. அவள் கணவர் உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு உப்பு ஏற்றுகிறவர். சொந்த லாரிதான், ஆனால் அரதப் பழசு. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அதன் அடிப்பக்கம் முழுக்கத் துரு. ஒருநாள் காலையில், பின்சக்கரத்தருகே பிரேக் ஆயில் கசிகிறது என்று கொண்டுவந்து நிறுத்தினார். நிதானம் அடியில் படுத்துப் பார்த்தார். கசிந்தது ஒரு பைப்தான். ஆனால் மற்ற பைப்புகளை நகத்தால் சுரண்டியபோது துரு பொருக்குப் பொருக்காக அவர் முகத்தில் உதிர்ந்தது. பழைய வண்டி என்பதால் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் போவது ஒரே வழியில். எங்கே ஓட்டை விழுந்தாலும் பிரேக் மொத்தமும் போய்விடும்.

எல்லாவற்றையும் மாற்ற இரண்டு நாள் ஆகும் என்றார். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, இப்போதைக்கு இதை மட்டும் மாற்றுங்கள், மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் தங்கை கணவர். வேறு ஆளாக இருந்தால் நிதானம் முடியாது என்றிருப்பார். மாப்பிள்ளையிடம் முறுக்கிக்கொள்ள மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, பெடலை மிதித்துப் பார்த்தார். உறுதியாகத்தான் நின்றது.

"பாத்து, மெதுவாப் போங்க மாப்பிள்ளை," என்று சாவியைக் கொடுத்தார்.

"உங்களைவிட மெதுவா யாரு மச்சான் போக முடியும்?" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார் அவர்.

மூன்றாம் நாள், துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் முன்பக்க பைப் வெடித்தது. பெடல் தரைவரை போயிற்று. முழுப் பாரத்தோடு இறங்குகிற வண்டியைக் கைபிரேக் பிடிக்கவில்லை. கீழே எடைமேடையில் சுமைதூக்குகிறவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் ஸ்டியரிங்கை ஒடித்து, கிடங்குச் சுவரில் கொண்டுபோய் மோதினார். நின்றவர்கள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது.

மருத்துவமனையில் தங்கை அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாங்கிவந்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே பெஞ்சில் கிடந்தது. அதன் பிறகு ஐந்து மாதம் அவள் அவரோடு பேசவே இல்லை.

பிறகு ஒருநாள் லாரியை ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். தங்கையும் கூட வந்தாள். முன்பக்கத் தகடு வேலையெல்லாம் வேறிடத்தில் முடிந்திருந்தது. பிரேக் மட்டும் பாக்கி. டிரைவர் வைத்து ஓட்டப்போவதாக, யாரோ அந்நியரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். எத்தனையோ ஷெட் இருக்க ஏன் தன்னிடம் கொண்டுவந்தாள் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கத் துணிவும் இல்லை.

நான்கு நாள் ஆயிற்று. நட்டுகள் துருவில் பைப்போடு ஒட்டிப்போயிருந்தன. அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. வெடித்த பைப்பைக் கையில் வைத்துப் பார்த்தார். விரல் நீளத்துக்குக் கிழிசல். அன்று அவர் சுரண்டிப் பார்த்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. புது பைப்பை அளந்து, வளைத்து, முனையை விரித்துப் பூட்டினார். ஒரு முனை மயிரிழை கோணியது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தார்.

கடைசியில் பைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே சக்கரத்தருகே இருக்கும் நட்டைத் திறந்து மூட. வண்டி ஆயிற்றா என்று பார்க்க வந்த தங்கை, அவர் தனியாக இருப்பதைக் கண்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அவர் மிதி என்றால் மிதித்தாள், விடு என்றால் விட்டாள். வெளியேறும் ஆயிலைப் பிடிக்க வைத்திருந்த பாட்டிலுக்குள் காற்றுக் குமிழ் வந்து வந்து நின்றது. நான்காவது சக்கரத்தில் இருக்கும்போது மேலேயிருந்து கேட்டாள்.

"மத்த பைப்பெல்லாம் இப்படி இருக்குன்னு அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அடுத்த வாரம் பாத்துக்கலாம்னாரு."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. அவருக்கு என்னைக்கும் அவசரம்தான். நீ எதுக்குச் சாவியைக் கொடுத்தே?"

இறுக்கி முடித்த நட்டின் மேல் ஸ்பானரை வைத்தபடியே அவர் கிடந்தார்.

"இன்னும் மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்," என்றாள். "விடவா?"

"விடு."

அன்று மாலையே அவர் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனார். பெடல் எப்படி நிற்கிறது என்று அவர் படுக்கையிலிருந்தே கேட்டார். கல்லு மாதிரி நிற்கிறது என்றார் நிதானம்.

"தப்பு என்னோடதுதான் மச்சான். அவகிட்டயும் சொல்லிட்டேன்," என்றார் மாப்பிள்ளை.

அவர் திட்டியிருந்தால்கூட நிதானம் தாங்கியிருப்பார். பக்கத்து அறையில் தங்கை துணி மடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வெளியே வரவில்லை.

இப்போது பிரேக் வேலை என்று யார் வந்தாலும் வேறு ஷெட்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஞாயிறுதோறும் மாப்பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டப் போகிறார். அவர் வரும் நேரம் தங்கைக்குத் தெரியும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவாள். அவர் போன பிறகுதான் திரும்பி வருவாள்.